சொல்லும் ஒரு பிழையே

கட்டற்ற மென்பொருளின் ஆங்கிலக் கைந்நூலை எழுத்தெண்ணிப் படிப்பவர் யார்? எழுதியவரல்லர், பயன்படுத்துபவருமல்லர். மொழிபெயர்ப்பாளரே. ஒரு பக்கத்தில் 'டைரக்டரி' என்றும் மறுபக்கத்தில் 'போல்டர்' என்றும் வந்தால் ஆங்கில வாசகர் ஊகித்துக்கொண்டு போய்விடுவார். பொருள் ஒன்றா இரண்டா என்று தீர்மானிக்காமல் மொழிபெயர்ப்பாளரால் ஒரு வரிகூட நகர முடியாது. ஆகவே முறையிடுகிறார். நிரல் ஓடுகிறது, சொல்லைப் பிறகு பார்ப்போம் என்பதே பல வேளைகளில் அவருக்குக் கிட்டும் விடை.

இந்த ஏற்றத்தாழ்வை நாம் ஏற்பதற்கில்லை. நிரலில் ஒரு புள்ளி பிசகினால் பிழை. சொல் பிசகினால் மட்டும் அலங்கார விவகாரமோ? கைந்நூலை நம்பித் தவறான கட்டளையிட்ட மாணவனைக் கேளுங்கள்.

குறை திருத்தப்பட்டாலும் தண்டம் முறையிட்டவர்க்கே. குனூ திட்டம் 1995 இல் வெளியிட்ட 'கெட்டெக்ஸ்ட்' முறையில், மூலத்தில் ஓரெழுத்து மாறினாலும் அவ்வரியின் மொழிபெயர்ப்புகள் எல்லா மொழிகளிலும் 'ஃபஸி', அதாவது ஐயத்துக்குரியவை, எனக் குறிக்கப்படும். மீளச் சரிபார்க்கும்வரை அவை வழக்கமாக விலக்கப்படும். ஆங்கிலமே மறுபடி தலைகாட்டும்.

குனோம் போன்ற திட்டங்களில், வெளியீட்டுக்கு முன் திரைச் சொற்றொடர்களை 'உறைய' வைக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் நலனுக்கான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களிற் பலர் முழுமூச்சாக உழைப்பது அப்போதுதானே! முரண்பாட்டைக் கண்டெடுக்கும் நாளில், தனி அனுமதியின்றித் திருத்தம் நுழையாது.

நாம் கேட்பது சலுகையன்று. உறையும் நாளுக்கு முன்னரே சொற்பட்டியலை வகுக்கட்டும். வகுக்குமிடத்தில் மொழிபெயர்ப்பாளருக்கும் ஆசனம் இருக்கட்டும். பொருள் மாறாத திருத்தமாயின், ஐயக்குறியைத் திருத்தியவரே நீக்கட்டும். அதற்கான கருவி கெட்டெக்ஸ்டிலேயே இருக்கிறது.