பிளஸ் ஒன் பிசிக்ஸைத் தாண்டிக் குதிக்கலாமா?

"ஏனுங்க, இனி லெவன்த்துல பப்ளிக் எக்ஸாமே இல்லீங்கள்ல? நேரா பிளஸ் டூ பாடத்தை ஆரம்பிச்சுட்டா என்னங்க?"

பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை இருக்கும் வீடுகளில் இன்று சகஜமாகக் காதில் விழும் கேள்வி இது. கேட்பவர்கள் மேல் தப்பில்லை. இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் கட் ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. மேத்ஸுக்கு 100, பிசிக்ஸுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50. மூன்றுமே பிளஸ் டூ மார்க். பிளஸ் ஒன் மார்க்குக்கு அதில் இடமே இல்லை. பிறகு எதற்கு ஒரு வருஷத்தை அதற்குச் செலவு செய்ய வேண்டும்?

நியாயமான கேள்விதான். ஆனால், பிசிக்ஸைப் பொறுத்தவரை அந்த ஒரு வருஷத்தை மிச்சம் பிடித்தால், பிறகு வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும்.

நமக்குத் தெரிந்த பழைய கதை

இந்தக் குறுக்கு வழி கொங்கு மண்டலத்துக்குப் புதிதல்ல. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து உறைவிடப் பள்ளிகளைத் தேடி, தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் பெற்றோர்கள் பெட்டி படுக்கையோடு வந்த காலம் உண்டு. 'பிராய்லர் பள்ளி' என்ற பட்டப்பெயர்கூட அப்போது வந்ததுதான். சில பள்ளிகளில் பிளஸ் ஒன் புத்தகத்தைப் பெயருக்குத் தொட்டுவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே திரும்பத் திரும்ப நடத்துகிறார்கள் என்ற புகார் பல வருஷம் ஓடியது. மார்க் கொட்டியது. ஆனால் கல்லூரிக்கும் நுழைவுத் தேர்வுக்கும் போன பிள்ளைகள், அடிப்படை தெரியாமல் திணறினார்கள்.

அதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2018-ல், உயர்கல்விச் சேர்க்கைக்கு அந்த மார்க் கணக்கில் வராது என்று அரசு அறிவித்தது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது, 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வும் கிடையாது என்றாகிவிட்டது. பிள்ளைகளுக்கு மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்ற சுமை குறைந்தது நிம்மதிதான். ஆனால், பிளஸ் ஒன் பாடம் நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த காவலும் அதோடு போய்விட்டது. இனி அந்த வேலை வீட்டில் இருப்பவர்களுடையது.

சட்டைதான் வேற, ஆள் ஒண்ணுதான்

பிளஸ் ஒன் பிசிக்ஸில் 11 அலகுகள். இயக்கவியல், இயக்க விதிகள், வேலை-ஆற்றல்-திறன், ஈர்ப்பியல், வெப்பம், அலைவுகள், அலைகள் என்று போகும். பிளஸ் டூவில் மின்சாரம், காந்தம், ஒளி, அணு. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி இருக்கும். உள்ளே போனால்தான் உறவு தெரியும்.

பிளஸ் டூ முதல் அலகில் வரும் கூலூம் விதி, பிளஸ் ஒன்னில் நியூட்டனின் ஈர்ப்பு விதிக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி. இரண்டிலும் தூரம் இரண்டு மடங்கானால் விசை நாலில் ஒரு பங்காகும். காந்தப்புலத்துக்குக் குறுக்கே நுழையும் மின்துகள் வட்டமாகச் சுற்றும் என்று வரும் கணக்குக்கு, பிளஸ் ஒன்னின் மையநோக்கு விசை தெரிய வேண்டும். எல்சி அலைவுகளை, சுருள்வில்லில் ஆடும் எடையோடு ஒப்பிட்டுத்தான் புரியவைக்க முடியும். போர் அணு மாதிரிக்குக் கோண உந்தம் வேண்டும். இந்தப் பக்கம் அடித்தளம் போடாமல் அந்தப் பக்கம் மாடி கட்டினால், மிஞ்சுவது மனப்பாடம் மட்டும்தான்.

மனப்பாடம் எவ்வளவு தூரம் வரும்? பிளஸ் டூ பிசிக்ஸ் எழுத்துத் தேர்வு 70 மார்க்குக்கு. இரண்டு மார்க் பகுதியிலும் மூன்று மார்க் பகுதியிலும் தலா ஒரு கட்டாயக் கேள்வி இருக்கும். அது பெரும்பாலும் கணக்காக இருக்கும். நீட் தேர்வில் 180 கேள்விகளில் 45 பிசிக்ஸ். 720-ல் 180 மார்க். அதன் பாடத்திட்டத்தில் இரண்டு வருஷப் பாடமும் இருக்கிறது. ஜே.இ.இ-யும் அப்படியே.

சரி, கவுன்சலிங்கில் நல்ல கல்லூரி கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி, முதல் செமஸ்டர் இன்ஜினீயரிங் பிசிக்ஸின் முதல் அலகே மெக்கானிக்ஸாகத்தான் இருந்தது. நிறை மையம், நிலைமத் திருப்புத்திறன் என்று ஆரம்பித்தது. இரண்டுமே பிளஸ் ஒன் ஐந்தாவது அலகில் இருப்பவை. தாண்டிக் குதித்த பாடம், கல்லூரி வாசலில் முதல் ஆளாக நின்றது.

தாத்தாவின் கிணறு சொல்லும் பாடம்

'பிசிக்ஸ் புரியவே மாட்டேங்குது' என்று சொல்லும் பிள்ளைகளுக்கு நம் ஊரைவிட நல்ல லேப் கிடையாது. மோட்டாருக்கும் பம்புக்கும் பேர் போன ஊர் கோவை.

பழைய தோட்டத்துக் கிணறுகளில், மோட்டாரை மேலே வைக்காமல் உள்ளே ஒரு மேடை கட்டி, தண்ணீருக்குப் பக்கத்தில் இறக்கி வைத்திருப்பார்கள். ஏன்? பம்பு தண்ணீரை இழுப்பதாக நாம் சொல்கிறோம். உண்மையில் பம்பு குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியில் இருக்கும் காற்று தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் காற்றால் 10.3 மீட்டர், அதாவது சுமார் 34 அடி உயரத்துக்குத்தான் தள்ள முடியும். சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோவையில் காற்றழுத்தம் கொஞ்சம் குறைவு. எனவே அளவும் சுமார் 32 அடியாகிவிடும். குழாய் உராய்வெல்லாம் போக நடைமுறையில் 20, 25 அடிதான். எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வாங்கினாலும் இந்த எல்லை மாறாது. சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீருக்குள்ளேயே இருந்து மேலே தள்ளுவதால்தான் ஆழமான போர்வெல்லிலும் வேலை செய்கிறது.

அடுத்தது ஒரு கணக்கு. 100 மீட்டர் ஆழத்திலிருந்து 1,000 லிட்டர் தண்ணீர் எடுக்க வேண்டும். நிறை 1,000 கிலோ, ஈர்ப்பு முடுக்கம் 9.8, உயரம் 100. மூன்றையும் பெருக்கினால் 9,80,000 ஜூல். 5 எச்.பி. என்றால் 3,730 வாட். வகுத்தால் சுமார் 263 விநாடி, நாலரை நிமிஷத்துக்கும் குறைவு. தோட்டத்தில் ஒன்பது நிமிஷம் ஆகிறதா? அப்படியானால் மோட்டாரும் பம்பும் சேர்ந்து பாதித் திறனில் ஓடுகின்றன. வேலை, ஆற்றல், திறன் என்ற முழு அலகும் இந்த ஒரு கணக்கில் வந்துவிடும்.

தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு

கிணத்துக்கடவு பக்கம் கோதவாடியில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழில் படித்து, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் இன்ஜினீயரிங் முடித்தவர் மயில்சாமி அண்ணாதுரை. 2008-ல் நிலவுக்குப் போன சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர். மொழி தடையில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் ஒரு முன்னேற்பாடு உதவும். உந்தம் என்றால் மொமன்டம், முடுக்கம் என்றால் ஆக்ஸலரேஷன் என்று இரண்டு பெயரையும் பிளஸ் ஒன்னிலேயே ஒரு நோட்டில் எழுதி வந்தால், கல்லூரியின் முதல் மாதம் மிரட்டாது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* பிளஸ் ஒன் பிசிக்ஸ் புத்தகம் இரண்டு தொகுதி. அரையாண்டு நெருங்கும்போது முதல் தொகுதி முடிந்துவிட்டதா என்று கேளுங்கள்.
* நோட்டில் எடுத்துக்காட்டுக் கணக்குகள் போட்டிருக்கிறதா, பதில்கள் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.
* லேபுக்குப் போகிறார்களா என்று விசாரியுங்கள்.
* பள்ளியில் பிளஸ் டூ பாடம் முன்கூட்டியே ஓடுகிறது என்று தெரிந்தால், தயங்காமல் போய்ப் பேசுங்கள். பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விட்டுப்போன அலகை விடுமுறையில் வீட்டிலேயே பிடித்துவிடலாம்.

உங்களுக்கு பிசிக்ஸ் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்று ராத்திரி சாப்பிடும்போது, "கண்ணு, நம்ம கெணத்துல மோட்டார ஏன் உள்ள எறக்கி வெச்சிருந்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை யோசித்து, தட்டில் விரலால் படம் போட ஆரம்பித்தால் பாடம் ஒழுங்காகப் போகிறது. "அது லெவன்த் போர்ஷன்மா, அதையெல்லாம் விட்டுட்டோம்" என்று பதில் வந்தால், நாளைக்கே பள்ளிக்கு ஒரு நடை போய் வாருங்கள்.