கோயிலைக் கேட்டோம், பள்ளியைக் கேட்டோம், ஆலையையும் கேட்போம்

செரண்டா, ரவாங், பத்தாங்காலி மற்றும் சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறியபோது நம் மக்கள் இரண்டை விடாமல் கேட்டார்கள்: கோயிலுக்கு நிலம், தமிழ்ப்பள்ளிக்கு நிலம். சில இடங்களில் கிடைத்தது. சில இடங்களில் இழுபறியே மிஞ்சியது. ஆனால், தாத்தாவும் பாட்டியும் உழைத்த ஆலையை யாரும் கேட்கவில்லை. ரப்பர்ப் பாலை வடிகட்டி, அமிலம் சேர்த்து உறையவைத்து, உருளையில் கொடுத்துச் சீட்டாக்கி, புகைக் கொட்டகையில் நாள்கணக்கில் தொங்கவிட்ட இடம் அது. பால்மரம் போய்ச் செம்பனை வந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. கூரைத் தகரம் முதலில் போகும்; இயந்திரம் பழைய இரும்புக்காரரிடம் போகும்; மிச்சத்தை மண்வாரி இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

ஈயலம்பம் என்று நாம் சொல்லும் ஈயச் சுரங்கங்களின் கதையும் இதுதான்; அவையும் மறந்துபோயின. 1894இல் மலாயாவின் முதல் மின்னாக்கி ஓடியது நம் பக்கத்து ஊர் ரவாங்கில், லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் நடத்திய ஈயலம்பத்தில். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நகராண்மைக் கழகத்திடம் நாங்கள் கேட்பது ஒன்றே. நம் வட்டாரத்தில் இன்னும் நிற்கும் பழைய ஆலை, ஸ்டோர், புகைக் கொட்டகை எதுவானாலும், இடிக்க அனுமதி தருவதற்கு முன், அதை மரமும் கொடியும் சூழ்ந்த பொது இடமாக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். கெப்போங்கைப் பாருங்கள். ஈயலம்பம் தோண்டிப் போட்ட தரிசில் 1920களில் மரம் நடத் தொடங்கினார்கள். இன்று 500 ஹெக்டேருக்கு மேல் காடாக நிற்கும் அந்த வன ஆராய்ச்சிக் கழகப் பூங்காவை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக வேலை பார்த்த செந்தூல் ரயில்வே பட்டறை வளாகத்திலும் ஒரு பழைய கட்டடம் இடிபடாமல் தப்பி, 2005இல் பூங்காவுக்கு நடுவே கலை அரங்கமாகத் திறக்கப்பட்டது. ஜெர்மனியின் டூயிஸ்புர்க்கில் 1985இல் மூடப்பட்ட இரும்பாலையை, ஊது உலையோடு அப்படியே விட்டு, பீட்டர் லாட்ஸ் என்ற நிலவடிவமைப்பாளர் பூங்காவாக்கினார். தாது கொட்டிய தொட்டிகளுக்குள் இன்று தோட்டம் வளர்கிறது. 1994 முதல் மக்கள் அங்கே உலாவுகிறார்கள்.

இதற்குத் தனியாக நிலம் தேட வேண்டியதில்லை. தோட்ட நிலம் வீடமைப்புக்கு மாறும்போது பொதுவாக 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்குகிறார்கள். பல நேரங்களில் அது சாக்கடை ஓரத்திலும் மின்கம்பிக்கு அடியிலும் போய் விழுகிறது. அந்த 10 விழுக்காட்டைப் பழைய ஆலை நிற்கும் இடத்தில் ஒதுக்குங்கள் என்கிறோம். மேம்பாட்டாளருக்கு இதனால் ஒரு அடி நிலமும் கூடுதலாகப் போகாது.

ஆனால், செடி வைத்துவிட்டால் போதும் என்று யாரும் இறங்கிவிட வேண்டாம். பறவை போட்ட ஆல விதை சுவரைப் பிளந்துவிடும். கொடிக்குத் தனிக் கம்பிப் பந்தல் வேண்டும். பழைய கூரைத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதைப் பயிற்சி பெற்றவர்கள்தாம் அகற்ற வேண்டும். தேங்கிய தொட்டி ஏடிஸ் கொசுவுக்கு வீடாகும். பழைய ஈயலம்பக் குட்டைகளுக்கு வேலி இல்லாவிட்டால் பிள்ளைகளின் உயிருக்கே ஆபத்து. பொறியாளர் பார்த்து உறுதி சொன்ன பிறகே மண்வெட்டியை எடுக்க வேண்டும். காப்பாற்றவே முடியாத கட்டடம் என்றால், ஒரு சுவரையோ புகைபோக்கியையோ மட்டுமாவது நிறுத்தி, சுற்றி மரம் நடலாம்.

உங்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பவை மூன்று.

1. உங்கள் தோட்டத்து ஆலை எங்கே இருந்தது, இப்போது என்ன மிச்சம், யார் யார் என்ன வேலை செய்தார்கள் என்பதை எழுதிவையுங்கள். பால் வெட்டிய, சீட்டு உலர்த்திய அம்மாக்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். முதலில் அவர்களைக் கேளுங்கள். பழைய படம் இருந்தால் நகல் எடுத்து வையுங்கள்.

2. உங்கள் வட்டார நகராண்மைக் கழகம் வரைவு உள்ளூர்த் திட்டத்தைப் பார்வைக்கு வைக்கும்போது போய்ப் பாருங்கள். ஆட்சேபத்தையும் ஆலோசனையையும் எழுத்தில் கொடுக்க 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் நமக்கு வழி தந்திருக்கிறது. வாய்வார்த்தையாகச் சொன்னது கோப்பில் ஏறாது.

3. கோயில் நிர்வாகமும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் இதைத் தங்கள் கூட்டத்தில் ஒரு பொருளாக எடுத்துப் பேசட்டும். நட்ட மரத்துக்கு முதல் சில ஆண்டுகள் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அந்தப் பொறுப்பை யார் ஏற்பது என்பதையும் அங்கேயே முடிவு செய்யுங்கள்.

இது தமிழர் விவகாரம் மட்டுமல்ல. இந்த ஈயலம்பங்களில் சீனர்கள் உழைத்தார்கள். நாம் நடும் மரங்களின் நிழலில் மலாய்க்காரக் குடும்பமும் வந்து உட்காரும். அவர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்டால்தான் குரல் எடுபடும்.

செரண்டாவில் புதிய தொழிற்பேட்டைகள் எழுகின்றன. வேலை வருகிறது, வரவேற்கிறோம். இன்றைய ஆலைகளும் ஒருநாள் ஓயும். ஓய்ந்த ஆலையை ஊர் என்ன செய்ய வேண்டும் என்ற வழக்கத்தை இப்போதே ஏற்படுத்துவோம். அதற்கு முதல் விண்ணப்பம் உங்கள் தோட்டத்திலிருந்து வரட்டும்.

இப்படிக்கு,
செரண்டா வட்டாரக் குடியிருப்பாளர்கள்