தூக்கிப் போடுமுன் திறந்து பாருங்கள்!

கணினி யுகம், கணினி யுகம் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். ஆனால் நம் ஹாஸ்டலில் அந்தக் கணினி எங்கே இருக்கிறது என்று பார்த்தால், கட்டிலுக்கு அடியில், டிரங்குப் பெட்டி மேலே, அழுக்குத் துணிக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறது. ஏண்டா எடுக்கலைன்னு கேட்டா, "ஆன் பண்ணிட்டு குளிச்சிட்டு வரலாம் மச்சான், அவ்ளோ ஸ்லோ" என்கிறான். கடைக்காரரிடம் கொண்டுபோனால் மூடியைக்கூடத் திறக்காமல், "இதெல்லாம் பழசு தம்பி, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு, இஎம்ஐ இருக்கு" என்று ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்.

நண்பர்களே, அந்தத் தீர்ப்பை எதிர்த்து அப்பீல் செய்யத்தான் இந்தக் கட்டுரை.

எனக்குத் தெரிந்த வீடுகளில், அதாவது பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கம் இருந்து வருகிற நம்ம பசங்க வீடுகளில், கம்ப்யூட்டர் என்று ஒன்று இருந்தால் அது யாரோ ஒரு அண்ணனுக்கோ அக்காவுக்கோ பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப்தான். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அந்தத் திட்டம் தொடங்கியது. முதலில் வந்தவற்றில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் ஒரு பக்கம், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இன்னொரு பக்கம். (பாஸ் லினக்ஸை ஒரு தடவையாவது திறந்து பார்த்தவர்கள் கை தூக்குங்கள். தெரியும், தூக்க மாட்டீர்கள்.) பின்னால் வந்தவற்றில் 4 ஜிபி. எங்கள் வீட்டில் இருப்பது பெரியக்கா பிளஸ் டூ படித்தபோது 2012-ல் வாங்கியது. அவள் கல்யாணமாகி அரூர் போய்விட்டாள், லேப்டாப் பீரோவிலேயே தங்கிவிட்டது. அப்பா பெங்களூரில் கட்டட வேலை. புது லேப்டாப் என்றால் அவருக்கு எத்தனை நாள் கூலி என்று கணக்குப் போட எனக்குக் கால்குலேட்டர் தேவையில்லை. ஆகவே அதைத் திறந்து பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு அல்ல.

"ராம் போடணும்" என்று வீட்டில் சொன்னேன். பாட்டி ஸ்ரீராமஜெயம் எழுதுகிற நோட்டை எடுத்து நீட்டியது தனிக்கதை.

சரி, விஷயத்துக்கு வருவோம். ராமுக்கும் ரோமுக்கும் வேறுபாடு என்ன என்று ஒவ்வொரு செமஸ்டரிலும் எழுதி மார்க் வாங்குகிறோம். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் சேர்ந்து ஒரு பிட், 64 மில்லி செகண்டுக்கு ஒரு தரம் ரிப்ரெஷ் என்று மனப்பாடமாகச் சொல்வோம். ஆனால் ஒரு ராம் குச்சியைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் நம் வகுப்பில் எத்தனை பேர்? லேபில் 8085 கிட்டில் 16 அட்ரஸ் லைன், அதனால் 65,536 இடம், அதாவது 64 கேபி என்று போர்டில் எழுதிப் போடுகிறோம். அதே கணக்குதான் உங்கள் வீட்டு லேப்டாப்பிலும் ஓடுகிறது. 32 பிட் என்றால் 2-இன் அடுக்கு 32, அதாவது 4 ஜிபி. அதற்கு மேல் நீங்கள் தங்கக் குச்சியே செருகினாலும் 32 பிட் விண்டோஸ் கண்டுகொள்ளாது. அந்த 4 ஜிபியிலும் கொஞ்சம் மற்ற வேலைக்குப் போய்விடும்.

இன்னொரு சூட்சுமம் உண்டு. இதைக் கடையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 2 ஜிபிக்கு மேல் தொடவே தொடாது. அது ஹார்டுவேர் குறை அல்ல, மைக்ரோசாப்ட் வைத்த வேலி. ஆக அக்கா லேப்டாப்பில் அப்படியே 2 ஜிபி சேர்த்தால் காசு கரி. வேலியை முதலில் எடுக்க வேண்டும், பிறகுதான் மாட்டை உள்ளே விட வேண்டும்.

ராம் குறைந்தால் ஏன் இவ்வளவு ஸ்லோ ஆகிறது? அம்மா தாளிக்கும்போது கடுகும் மிளகாயும் அஞ்சறைப் பெட்டியில் இருந்தால் கை நீட்டினால் கிடைக்கும். பெட்டி சின்னது, ஒவ்வொரு தாளிப்புக்கும் பென்னாகரத்தில் பஸ் ஏறி தர்மபுரி சந்தைக்குப் போய்க் கடுகு வாங்கி வர வேண்டும் என்றால் சாம்பார் எப்போது கொதிக்கும்? ராமில் இடம் தீர்ந்ததும் கம்ப்யூட்டர் அதைத்தான் செய்கிறது. இடம் கொள்ளாததை ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்து, வேண்டும்போது திரும்ப எடுத்து வருகிறது. ராமிலிருந்து ஒரு தகவலை எடுக்க சுமாராக 100 நானோ செகண்ட் என்று வையுங்கள். சுழலும் டிஸ்க்கில் ஊசி நகர்ந்து தேடி எடுக்க 12 மில்லி செகண்ட் ஆகும். ராம் எடுக்கும் நேரத்தை ஒரு செகண்ட் என்று நீட்டிப் பார்த்தால், டிஸ்க் எடுப்பது 1,20,000 செகண்ட், அதாவது 33 மணி நேரம்! எஸ்எஸ்டி என்றால் அதே கணக்கில் கால் மணி நேரம், கொஞ்சம் கூட. குளிச்சிட்டு வரலாம் என்று நம் நண்பன் சொன்னது சும்மா இல்லை.

இங்கேதான் என் கருத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "ராம் போட்டா எல்லாம் சரியாகிடும்" என்பதும் "தூக்கிப் போடு" என்பதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு முகங்கள். இரண்டிலும் யாரும் நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். நீங்கள் வழக்கமாகத் திறக்கிறவற்றைத் திறந்து வைத்துவிட்டுப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ராம் பசி. மெமரி பாதியிலேயே இருக்க, டிஸ்க் மட்டும் 100-ல் நின்றால் ராம் வாங்காதீர்கள், எஸ்எஸ்டி வாங்குங்கள். விண்டோஸ் 10 என்றால் மெமரி பகுதியிலேயே எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் காட்டும். சில மாடல்களில் ராம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், அங்கே ஒன்றும் செய்ய முடியாது. இத்தனைக்கும் செலவு பூஜ்யம்.

வாங்குவது என்று முடிவானால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். டிடிஆர்3 லேப்டாப் குச்சிக்கு 204 பின், டிடிஆர்4-க்கு 260. நடுவில் இருக்கும் வெட்டும் இடம் மாறியிருக்கும், அமுக்கினால் உடையும், உட்காராது. டிடிஆர்3-லேயே 1.5 வோல்ட் ஒன்று, 1.35 வோல்ட் ஒன்று. லேபிளில் பிசி3எல் என்று 'எல்' இருந்தால் அது 1.35. இந்த 'எல்' குச்சி பழைய 1.5 வோல்ட் ஸ்லாட்டிலும் வேலை செய்யும். ஆனால் 1.35 மட்டும் கேட்கும் லேப்டாப்பில் சாதா குச்சியைப் போடக் கூடாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்து, கையில் உள்ள ஸ்டாட்டிக்கைப் போக்கிவிட்டுத் தொடுங்கள். சாய்வாகச் செருகி, 'டிக்' என்று கிளிப் விழும்வரை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வித்தை. சோல்டரிங் அயர்ன் பிடித்த கைக்கு இது ஒரு வேலையா?

அக்கா லேப்டாப்புக்கு, மதர்போர்டு போன இன்னொரு லேப்டாப்பிலிருந்து கழற்றிய 2 ஜிபி குச்சி கிடைத்தது. விண்டோஸை வழியனுப்பி லினக்ஸ் மின்ட் போட்டேன். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லேயே பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, அழுவதற்கு ஒன்றுமில்லை. 2 ஜிபி குறைந்தபட்சம், 4 இருந்தால் வசதி என்று மின்ட்காரர்களே சொல்கிறார்கள். இப்போது அதில் பிராஜெக்ட் ரிப்போர்ட் டைப் செய்கிறேன், சி புரோகிராம் ஓட்டுகிறேன், ஆர்டுயினோவில் கோடு ஏற்றுகிறேன். ஆட்டோகேட் ஓடாது. மெக்கானிக்கல் நண்பர்கள் மன்னிக்கவும், உங்களுக்கு இந்த வைத்தியம் பத்தாது. பிரவுசரில் பத்து டேப் திறந்தாலும் மூச்சு வாங்கும். கிழவனைக் குமரனாக்கும் லேகியம் எதுவும் என்னிடம் இல்லை.

"சரிடா, ஆனா விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓட மூடுவிழா நடந்துடுச்சே, 11 ஏத்தலாம்ல?" என்று ஒருவன் கேட்டான். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராம் மட்டும் போதாது, டிபிஎம் 2.0 வேண்டும், அவர்கள் ஏற்கிற பிராசஸரும் வேண்டும். எத்தனை குச்சி செருகினாலும் அது முளைக்காது.

விலை பற்றியும் ஒரு வார்த்தை. உலகத்து ராம் சிப்பில் பெரும்பகுதியைச் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே கம்பெனிகள் செய்கின்றன. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கு வேண்டிய மெமரியில் லாபம் அதிகம் என்று அந்தப் பக்கம் சாய்ந்ததில், 2025 கடைசியில் நம்மைப் போன்றவர்கள் வாங்கும் ராம் விலை கிடுகிடுவென ஏறியது. 2025 டிசம்பரில் மைக்ரான், கடைகளில் விற்கும் 'குரூஷியல்' வியாபாரத்தையே விடுவதாக அறிவித்தது. எங்கோ அமெரிக்காவில் ஒரு கட்டடத்துக்குள் ஒரு இயந்திரம் கவிதை எழுதப் பழகுகிறது, அதற்குத் தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டிப்ளமோ மாணவன் கூடுதலாகக் காசு எண்ணி வைக்கிறான்! அதனால்தான் சொல்கிறேன், பரணில் கிடக்கும் செத்த லேப்டாப்பைப் பழைய இரும்புக்காரரிடம் கிலோ கணக்கில் போடாதீர்கள். அதற்குள் இருக்கும் குச்சிக்கு இன்னும் உயிர் இருக்கலாம்.

2025 மார்ச் பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது டேப்லட் என்று அரசு அறிவித்தது. நல்லதுதான், வரவேற்கிறேன். புதிது வந்த வீட்டில் பழையது என்ன ஆகும்? அரசுப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கும் தங்கச்சிக்கு அது போய்ச் சேர வேண்டாமா? வேகம் இல்லாமல் கொடுத்தால் அவளும் ஒரு வாரத்தில் வெறுத்துப் போனுக்கே திரும்பிவிடுவாள்.

எங்கள் வகுப்பில் ஒரு பெண் அரசு லேப்டாப்பைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே கூச்சப்படுவாள். நம்மில் சிலர் அடித்த கமெண்ட் அப்படி. "என்னம்மா, மியூசியத்துல இருந்து எடுத்துட்டு வந்தியா?" சிரித்தவர்களில் ஒருவருக்காவது அதன் அடிமூடியில் எத்தனை ஸ்குரூ என்று தெரியுமா? நாளைக்கு ஓசூரில் ஏதோ ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்து 'டிரபுள் ஷூட்டிங் தெரியும்' என்று தலையாட்டப் போகிறவர்கள்தானே நாமெல்லாம்?

மாணவர் மன்றத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். விளையாட்டு விழாவுக்கும் கலை விழாவுக்கும் ஒதுக்குவதில் ஒரு சிறு துளி போதும். எலெக்ட்ரானிக்ஸ் லேபில் ஒரு மேசை, ஒரு ஸ்குரூ டிரைவர் செட், ஒரு ஆன்டி-ஸ்டாட்டிக் பட்டை, பழைய குச்சிகள் போட்டு வைக்க ஒரு பெட்டி. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம், மூன்றாம் ஆண்டுக்காரர்கள் முதலாம் ஆண்டுக்காரர்களுக்குத் திறந்து காட்டட்டும். லேப் சாரிடம் நான் வாய்விட்டுக் கேட்டாகிவிட்டது. "பொறுப்பா பண்ணுவீங்கன்னா சாவி தரேன்" என்றார். பொறுப்பு என்ற வார்த்தையைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார்.

பெட்டிக்கு முதல் வரவாக என்னிடம் டிடிஆர்3, 2 ஜிபி குச்சி ஒன்று மீதம் இருக்கிறது. லேபிளில் 'எல்' இருக்கிறது, பார்த்துவிட்டேன். வேண்டுபவர் லேப்டாப்போடு வரவும். ஸ்குரூக்களைப் போட்டுவைக்க ஒரு கிண்ணம் எடுத்து வரவும், போன தடவை ஒன்று உருண்டு போனதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

— மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை