கழுவினால் மட்டும் போதாது

பிரான்சில் குடியேறிய நம் புதுச்சேரிப் பிள்ளைகளில் சிலர் வீட்டிலேயே பீர் தயாரிக்கிறார்கள். அது புளித்துப்போனால், "ஈஸ்ட் சரியில்லை மாமா" என்கிறார்கள். நான் ஏற்க மாட்டேன். பெரும்பாலும் குற்றவாளி, அரைகுறையாகக் கழுவிய வாளியும் குழாயும்தான்.

பிரெஞ்சில் படித்த எங்கள் தலைமுறைக்குப் பாஸ்தேர் அந்நியரல்ல. 1870-71 போரில் ஜெர்மானியரிடம் பிரான்ஸ் தோற்றபின், பிரெஞ்சு பீரை அவர்கள் பீருக்கு நிகராக்கக் கிளம்பியவர் அவர். வேண்டாத நுண்ணுயிர்களே பீரைக் கெடுக்கின்றன என்று 1876-இல் புத்தகமே போட்டார். இன்னுமா ஈஸ்ட் மீது பழி?

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. பிசுக்கு ஒட்டியிருந்தால் அதன் அடியிலுள்ள கிருமியை மருந்து தொடாது. முதலில் சலவை சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி அலச வேண்டும், பிறகுதான் கிருமிநாசினி. குறிப்பே எழுதாத கோப்பைக் கையெழுத்துக்கு அனுப்புவோமா?

"அதான் கொதிக்க வைத்தோமே" என்பது அடுத்த சமாதானம். ஆறிய பிறகு அதைத் தொடும் மூடி, குழாய், கரண்டி, புட்டி எல்லாமே கிருமியை மறுபடி கொண்டுவரும். பிளீச்சிங் நீரைச் சரியாக அலசாவிட்டால் பீரில் மருந்து வாடை அடிக்கும். கீறல் விழுந்த பிளாஸ்டிக் வாளியில் கிருமி ஒளிந்துகொள்ளும். காசு பார்க்காமல் தூக்கி எறியுங்கள்.

இது ருசி விவகாரம் மட்டுமல்ல. வேண்டாத கிருமி புட்டிக்குள் மிச்சச் சர்க்கரையைத் தின்றால் வாயு பெருகிக் கண்ணாடி வெடிக்கலாம். கண் போனபின் ஈஸ்டைத் திட்டி என்ன பயன்?