விடுதலைப் பத்திரம்

போன மாதம் ஒரு விருது கொடுத்தார்கள். யார், யாருக்கு, எந்த அரங்கில் என்பதெல்லாம் இந்த இதழைக் கையில் வைத்திருக்கும் முந்நூற்றுச் சொச்சம் பேருக்கும் தெரியும். பெண் விடுதலைக்கு ஆற்றிய அரும்பணிக்காக ஓர் ஆணுக்குத் தரப்பட்ட விருது. அதில் நமக்கு ஒரு பிணக்கும் இல்லை. மேடையில் ஏழு நாற்காலி, ஏழிலும் ஆண்கள். குத்துவிளக்கு ஏற்ற ஒரு பேராசிரியை மேலே வந்தார், ஏற்றினார், இறங்கிப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார். அதையும் விட்டுவிடலாம், நம் கூட்டங்கள் மட்டும் என்ன வாழ்கிறது? விட முடியாமல் போனது பாராட்டுப் பத்திரத்தில் இருந்த ஒரு தொடர்: ‘பெண்களுக்குக் குரல் கொடுத்தவர்’. இது போதாதென்று, நண்பர்கள் நடத்தும் இதழ் ஒன்றில் விருதை ஆதரித்து ஒன்பது பக்கக் கட்டுரை வேறு. தமிழில் பெண்ணியத்தைத் தொடங்கி வைத்ததே ஆண்கள்தானாம். இன்று அவர்களைச் சந்தேகிப்பது நன்றி கெட்ட செயலாம். ஃபூக்கோவும் அல்துஸ்ஸரும் அடிக்குறிப்புகளில் வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

கொடுத்தவர். இந்தச் சொல் பத்து நாளாக மீன்முள் மாதிரி நிற்கிறது. தொல்காப்பியர் எச்சவியலில் ஈ, தா, கொடு என்று மூன்று சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறார். மூன்றுமே கேட்பவர் வாயிலிருந்து வருபவை. தாழ்ந்த இடத்தில் நிற்பவன் ஈ என்பான், ஒத்தவன் தா என்பான், உயர்ந்தவன் கொடு என்பான். எங்கள் புலவர் வகுப்பு ஆசிரியர் இதைச் சொல்லித்தருகிற அழகே தனி. பிச்சைக்கு வந்தவன் ஈ, கைமாற்றுக்கு வந்தவன் தா, கிஸ்தி வசூலிக்க வந்தவன் கொடு என்பார். மணியக்காரர் மாதிரி மேசையைத் தட்டிக் காட்டுவார். வகுப்பு சிரிக்கும். நான் ஏதோ ஒரு கட்சிக்குப் போய்விடாமல் இலக்கணத்தில் தங்கிவிட்டதற்கு அந்த மேசைத் தட்டல்தான் காரணம். விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சூத்திரங்கள் கேட்பவரின் இடத்தை மட்டுமே அளக்கின்றன. கொடுப்பவரைப் பற்றி அங்கே ஒரு சொல் கிடையாது. நம்முடைய பாராட்டுப் பத்திரமோ கொடுத்தவரைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கேட்டது யார், மூன்றில் எந்தச் சொல்லால் கேட்டார், அவர் கேட்டது குரலைத்தானா என்று அதில் இல்லை.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையாருக்கு யார் குரல் கொடுத்தது? பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசி, 1936இல் ‘தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்று ஒரு நாவலும் எழுதியவருக்குக் குரல் பற்றாக்குறை இருந்ததாக எங்கும் படித்ததில்லை.

நம் ஊர் திருவண்ணாமலைக்கே வருவோம். 1917இல் ரமணரிடம், துறவு கொள்ளப் பெண்ணுக்கு உரிமை உண்டா, முக்தி அடைந்த பெண்ணின் உடலை எரிப்பதா அடக்கம் செய்வதா என்று ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் காவ்யகண்ட கணபதி முனிவரின் மனைவி விசாலாட்சி. ‘ரமண கீதை’யின் பதின்மூன்றாம் அத்தியாயமே அதுதான். தடையில்லை, அடக்கம் செய்யலாம் என்பது பதில். ஐந்தாண்டு கழித்து ரமணரின் தாய் அழகம்மாள் மறைந்தபோது மகன் அந்தப் பதிலின்படியே நடந்துகொண்டார். இன்று ஆசிரமம் நிற்பது அந்தத் தாயின் சமாதியைச் சுற்றித்தான். இளம் வயதில் இந்த நூலைப் பைத்தியம் பிடித்தவன்போலப் படித்திருக்கிறேன். என் நாத்திக நண்பர்கள் மன்னிக்க வேண்டும். அப்போது கண்ணில் படாதது இப்போது படுகிறது: விசாலாட்சி நேராகக் கேட்கவில்லை. கணவர் மூலமாகக் கேட்டிருக்கிறார். கேள்வி அவருடையது, வாய் இன்னொருவருடையது. குரல் கொடுப்பது என்பதன் உண்மையான பொருள் இப்படித்தான் இருந்திருக்கிறது, கேள்வியை வைத்திருந்தவரிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பது. விருது வாங்கியவர் எந்தக் கேள்வியை எவரிடமிருந்து வாங்கினார் என்று தெரிந்தால் நாமும் கைதட்டியிருப்போம்.

ஒன்பது பக்கக் கட்டுரை பெரியாரைத் துணைக்கு அழைக்கிறது. அழைக்கட்டும். எலிகளுக்குப் பூனைகள் விடுதலை வாங்கித் தருமா என்று கேட்டு, பெண் விடுதலைக்கு ஆண்கள் பாடுபடுவதாகச் சொல்வதையே ஏய்ப்பு என்றவர் அவர்தான் என்பதைக் கட்டுரையாளர் மறந்திருக்க மாட்டார். சௌகரியமாக விட்டிருப்பார். பூனை ஒன்று இப்படிப் பேசியதுதான் சுயமரியாதை இயக்கத்தின் வேடிக்கையும் பெருமையும். 1938 நவம்பரில் சென்னையில், நீலாம்பிகை அம்மையார் தலைமையில் கூடிய பெண்கள் மாநாட்டில்தான் அவருக்குப் பெரியார் என்ற பெயரே வந்தது. கொடுத்தவர்கள் பெண்கள், வாங்கிக்கொண்டவர் ஆண். அந்த மாநாட்டுப் பெண்களில் சிலர் அடுத்த நாளே இந்தி எதிர்ப்பு மறியல் செய்து சிறைக்குப் போனார்கள்.

தலையங்கம் எழுதுகிறவன் என்பதால் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. 1933 அக்டோபரில் ‘குடி அரசு’ ஏட்டில் ஆட்சியை எதிர்த்து ஒரு தலையங்கம் வந்தது. வழக்கு இரண்டு பேர்மீது: எழுதிய பெரியார், பதிப்பாளர் என்று பெயர் போட்டிருந்த அவர் தங்கை கண்ணம்மாள். இருவருக்கும் தண்டனை. அண்ணன் எழுதிய தலையங்கத்துக்காகத் தங்கை சிறை சென்ற இந்தச் செய்தி நம் இதழியல் வரலாறுகளில் அரை வரிக்கு மேல் வளர்ந்ததில்லை.

ஆண் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு ராஜினாமா. இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை நாடாளுமன்றம் இழுத்தடித்து முடக்கியபோது, 1951 செப்டம்பரில் சட்ட அமைச்சர் பதவியை விட்டு வெளியே வந்தார் அம்பேத்கர். ராஜினாமாவுக்கு அவர் சொன்ன காரணங்களில் அந்த மசோதாவும் ஒன்று. 1916லேயே, சாதி என்பது பெண்ணை வேலிக்குள் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு என்று கொலம்பியாவில் கட்டுரை வாசித்தவர். சாதியும் நிலமும் பெண்ணும் ஒரே கயிற்றில் முடிச்சுப் போட்டவை என்பதை அவர் அளவுக்கு எவரும் பார்க்கவில்லை. மகளுக்குப் பங்கு போனால் நிலம் போகும், மகள் சாதி மாறிப் போனால் நிலமும் சாதி மாறும். நம் மாவட்டத்தில் தென்முடியனூர் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் காலடி வைக்க 2023 ஜனவரி 30 வரை ஆனது. அந்த வாசலை அடைத்து வைத்திருந்த கைகளும், தங்கள் வீட்டுப் பெண் யாரோடு பேசுகிறாள் என்று அவள் கைப்பேசியைத் திறந்து பார்க்கிற கைகளும் வேறு வேறா என்ன?

இப்போது என் முள்ளை நானே எடுத்துக் காட்டுகிறேன்.

செங்கம் சாலையை ஒட்டி எங்களுக்குப் பூர்வீகமாக 2 ஏக்கர் 40 சென்ட். மல்லாட்டை போடுகிற மண். அப்பா போன பிறகு வாரிசுச் சான்று, கூட்டுப்பட்டா, பிறகு சார்பதிவாளர் அலுவலகம். நான், தம்பி, தங்கை. போளூரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்தாள். அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் பத்திரம் எழுதுகிறவரின் மேசை. அவர் வாசித்துக் காட்டினார். சுய நினைவுடனும், மனப்பூர்வமாகவும், எவர் வற்புறுத்தலும் இன்றி, சகோதரர்கள்மீதுள்ள அன்பினாலும் பாசத்தினாலும் மேற்படி சொத்தில் தனக்குள்ள பாத்தியத்தை விட்டுக்கொடுத்து எழுதிக்கொடுக்கிற பத்திரம். தலைப்பு: விடுதலைப் பத்திரம்.

அந்தத் தலைப்பை அன்று நான் பார்த்தேன். பெண் விடுதலை என்ற சொற்றொடரை அதுவரை நாற்பது தலையங்கத்திலாவது எழுதியிருப்பேன். ஒன்றும் உறைக்கவில்லை. தங்கை, “எங்கண்ணா போடணும்?” என்றாள். விரலால் காட்டினேன். உள்ளே கேமரா முன் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள், ரேகை வாங்கினார்கள். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். சாப்பாடு வாங்கித் தந்தோம். ஓர் ஆரணிப் பட்டு எடுத்துக் கொடுத்தோம். ஆமாம், கொடுத்தோம்.

யாரும் மிரட்டவில்லை, கத்தவில்லை. அமைப்புசார் ஒடுக்குமுறை என்று கருத்தரங்குகளில் சொல்வதற்கு அன்று காலை ஒரு குரூர முகமும் இல்லை. வேப்பமரம், ஸ்டேப்ளர், டீ கிளாஸ். சீர் செய்தாயிற்று, தலைப்பிரசவம் பார்த்தாயிற்று, நாளைக்கு அவளுக்கு ஒன்று என்றால் அண்ணன் வீடுதானே என்று ஊரே சொல்லிவைத்த கணக்கு. பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைந்துபோகும் என்பதை யாரும் அவளிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பத்திரத்தில் இருந்த மனப்பூர்வம் என்ற சொல் இப்படித்தான் தயாராகிறது.

சட்டம் இல்லாமலா? 1956 வாரிசுரிமைச் சட்டம் அப்பாவின் பங்கில் மகளுக்கும் ஒரு கூறு வைத்தது. பூர்வீகச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை மகனுக்கே இருந்தது. பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு 1929 பிப்ரவரியில் தீர்மானம் போட்டது. தமிழக அரசின் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் செல்லும் என்று வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், இரண்டுமே விபவ வருஷம். பிரபவ, விபவ சுற்று முழுதாக ஒரு தடவை சுற்றி அதே இடத்தில் வந்து நின்றிருக்கிறது. பகுத்தறிவாளர்கள் இந்தப் பஞ்சாங்கத்தைப் பொறுத்துக்கொள்ளட்டும். அந்தத் திருத்தத்திலும் ஒரு கொக்கி: அந்தத் தேதிக்கு முன் மணமான மகளுக்குக் கிடையாது. என் தங்கைக்கு 1988 வைகாசியில் கல்யாணம். பத்து மாதத்தில் தவறவிட்டாள். 2005இல் மத்தியச் சட்டம் அந்தக் கொக்கியைக் கழற்றியது. திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற வழக்கு ஓடி ஓடி, 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தேவையில்லை, மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்றது. சட்டம் ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு வர, வேப்பமரத்து மேசை அதே இடத்தில் இருக்கிறது. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம். அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் அதை 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆக்கியபோது அண்ணன் தம்பிகளிடையே எழுந்த முணுமுணுப்பைக் கேட்டிருக்கிறேன். 2025 ஏப்ரலிலிருந்து, 10 லட்சம் வரையான சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்றதும் மனைவி பெயரில் மனை வாங்கத் துடிக்கிறார்கள் சிலர். அதே வாரம் தங்கையிடம் விடுதலை எழுதி வாங்கியவர்களும் அவர்களில் உண்டு.

பாகம் என்ற சொல்லும் நம் ஊரில் இரண்டு இடத்தில் புழங்குகிறது. ஒன்று பாகப்பிரிவினை. இன்னொன்று இடப்பாகம். விளையாட்டாகக் கண்ணைப் பொத்திய பிழைக்குக் காஞ்சியிலும் பவழக்குன்றிலும் தவம் கிடந்துதான் அம்மைக்கு அந்தப் பாதி கிடைத்தது என்கிறது தலபுராணம். தொல்காப்பியக் கணக்கில் அது ஈ. தீபத்தன்று மாலை அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டு வெளியே வருவது சில நிமிடம். கூட்டம் கண்ணிமைக்கும் முன் உள்ளே போய்விடுகிறார், மலையில் தீபம் எரிகிறது. ஆண்டு முழுவதும் பாதியில் உரிமை, அனுபோகம் சில நிமிடம்.

எனக்கு அதைவிடத் திருவூடல் பிடிக்கும். சின்ன வயதிலிருந்து மாட்டுப் பொங்கலன்று அதைப் பார்க்காமல் இருந்ததில்லை. ஒரு தெருவுக்கே அந்தப் பெயர் வைத்த ஊர் இது. அம்மையை விட்டு ஐயனை மட்டும் வணங்குவேன் என்று அடம்பிடித்தவர் பிருங்கி முனிவர். அவருக்குக் காட்சி கொடுக்கப் போவதில்தான் சண்டை. அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்விடுவாள். சுந்தரர் தூது நடப்பார், பலிக்காது. சாமி தனியே 14 கிலோமீட்டர் மலை சுற்றப் போவார். தாயிடமிருந்து வந்த ரத்தத்தையும் சதையையும் அம்மை திருப்பி எடுத்துக்கொள்ள, எலும்புக்கூடாய் நிற்க முடியாமல் தள்ளாடிய பிருங்கிக்கு ஐயன் மூன்றாவதாக ஒரு கால் கொடுத்தார் என்பது பழைய கதை. ஆணாய்ப் பிறந்ததால் கிடைக்கிற சலுகையைப் பற்றி எத்தனையோ கோட்பாட்டு நூல்களைப் புரட்டியிருக்கிறேன். அந்த மூன்றாவது காலைப்போல விளங்க வைத்த உருவகம் எதிலும் இல்லை. நடக்கிறவருக்கு அது தன் கால் என்றே தோன்றும்.

ஊராட்சித் தலைவியின் கணவர் தலைவர் நாற்காலியில் உட்காருவது அந்தக் காலில் நின்றுதான். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016லேயே சட்டம் வந்தும், ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு வருகிற வெள்ளை வேட்டிகள் குறையவில்லை. களை எடுப்பில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் குனிந்தவர்களுக்குள் ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கொரு கூலி.

சிற்றிதழ்க்காரர்கள் மட்டும் யோக்கியமா? தமிழ்ச் சிற்றிதழ் வரலாற்றை அடகுக்கடை ரசீதுகளை வைத்தும் எழுதலாம். இந்த இதழின் முதல் எண் என் மனைவியின் இரண்டு வளையலில் வந்தது. மீட்கவில்லை. ஆசிரியர் குழுவில் இன்றும் நான்கு ஆண்கள். பசை காய்ச்சி முகவரிச்சீட்டு ஒட்டித் தபால் தலை வைப்பது வீட்டில் இருக்கிற இரண்டு பெண்கள். பெண்ணெழுத்து, உடல்மொழி என்று சிறப்பிதழ் கொண்டுவந்தபோதும் ஒட்டியது அவர்கள்தான். அந்த இதழை இருவரில் ஒருவர்கூடப் பிரித்துப் பார்த்ததாக நினைவில்லை. நானும் படித்துப் பார் என்று நீட்டியதில்லை. அடுத்த எண்ணிலிருந்து பதிப்பாளர் என்ற இடத்தில் மனைவியின் பெயர் வரும் என்று குழுவில் சொன்னேன். வழக்கு ஏதும் வராதே என்று ஒருவர் கேட்டார்.

தங்கையின் கதையை எழுதப்போகிறேன் என்று சொல்லிவிட வேண்டும் அல்லவா? முந்தாநாள் இரவு போன் போட்டேன். முழுவதையும் படித்துக் காட்டினேன். நடுவில் இருமினாள், குக்கர் சத்தம் கேட்டது. எல்லாம் முடிந்ததும், “எழுதிக்கோண்ணா, எனக்கென்ன” என்றாள். பிறகு கொஞ்சம் பொறுத்து, “அந்த கெணத்து மேடு இப்ப சென்ட்டு இன்னா வெல போவுது?” என்று கேட்டாள்.

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்கு நான்கு நாள் முன்புதான் தரகர் ஒருவர் வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.