சோர்வைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள்

கடந்த பருவத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தில் இரத்த தான முகாம் நடந்தது. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்த தாதி, "ஹீமோகுளோபின் போதவில்லை, இம்முறை வேண்டாம் தங்கச்சி" என்று அனுப்பிவிட்டார். விரிவுரையில் கண் சொருகியதும், படியேறினால் மூச்சு வாங்கியதும் ஏன் என்று அப்போதுதான் யோசித்தேன். அதுவரை "சோம்பேறி" என்ற பட்டத்தை நானே ஒப்புக்கொண்டிருந்தேன்.

பரிசோதனையில் இரும்புச்சத்துக் குறைவு உறுதியானது. வீட்டில் கீரைக்கும் பருப்புக்கும் பஞ்சமில்லையே! ஆனால், உண்பது வேறு. உடலில் சேர்வது வேறு.

கீரையிலுள்ள இரும்பின் வடிவத்தைக் குடற்சுவரிலுள்ள ஒரு புரதம் முதலில் மாற்ற வேண்டும். பிறகு 'டிஎம்டி1' என்ற புரதம் அதைக் குடல் உயிரணுவுக்குள் கொண்டு செல்கிறது. அங்கிருந்து இரத்தத்துக்கு அனுப்புவது 'ஃபெரோபோர்ட்டின்'. அது வழிவிடாவிட்டால், இரும்பு 'ஃபெரிட்டின்' புரதத்துக்குள் தங்கி, சில நாள்களில் அந்த உயிரணு உதிரும்போது வெளியேறிவிடும். கல்லீரல் சுரக்கும் 'ஹெப்சிடின்' ஃபெரோபோர்ட்டினைக் குறைத்து வாசலை மூடும். நோய்த்தொற்றின்போது இது அதிகமாகச் சுரக்கும்.

இத்தனை காவல் ஏன்? மிகுதியான இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி இல்லை. அதனால் நுழைவாயிலிலேயே அளந்து, நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே ஏற்கிறது.

அந்தச் சிறிய அளவையும் நாம் கெடுத்துக்கொள்கிறோம். தேநீரிலுள்ள பாலிஃபீனால்கள் கீரையின் இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். பசியாறும்போதும் மதிய உணவின்போதும் எனக்குத் தே தாரிக் வேண்டும். இப்போது அதைச் சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குப் பிறகு குடிக்கிறேன். சாப்பாட்டோடு கொய்யாவோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள்கிறேன். வைட்டமின் சி இரும்பை உடல் ஏற்க உதவும்.

மாதந்தோறும் இரத்தம் இழக்கும் மாணவிகளுக்கு இந்தக் குறைவு எளிதில் வரும். பெற்றோரும் ஆசிரியர்களும் ஒரு பெண் எப்போதும் களைத்திருந்தால், திட்டுவதற்குமுன் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தோழிகளே, நீங்களாகவே இரும்பு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். அதிகமாகச் சேர்ந்தாலும் ஆபத்துதான். மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்த முகாமில் நான் மீண்டும் வரிசையில் நிற்பேன்.