ஊற வைப்பதற்கு முன் உட்கார வேண்டும்

மார்கழிப் பனி இறங்கியதும் வார இணைப்புகளில் பாதப் பராமரிப்பு வந்துவிடுகிறது. இந்த வாரம் கண்ணில் பட்ட குறிப்புகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு வாளி வெந்நீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு, அரை மூடி எலுமிச்சை, ஒரு கரண்டி மஞ்சள்தூள், கொஞ்சம் ஷாம்பு, கொஞ்சம் சமையல் சோடா. அதில் அரை மணி நேரம் காலை ஊறப் போட்டால் பித்தவெடிப்பு மறையும், நாள் முழுக்க நின்ற களைப்பு பறந்துவிடும் என்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. வீட்டு வைத்தியத்தின் மேல் அல்ல, அதன் பெயரைச் சொல்லி வறண்ட காலை மேலும் வறளவைக்கக் கற்றுத்தருகிறார்களே என்று. நடைபாதையின் உயரத்தைப் பற்றியும் பேருந்தின் முதல் படியைப் பற்றியும் இங்கே எழுதியதைப் படித்தவர்களுக்கு, கால் என்று வந்துவிட்டால் நான் எளிதில் விடமாட்டேன் என்பது தெரியும்.

உள்ளங்காலின் தோல் உடம்பின் மற்ற தோலைப் போன்றதல்ல. அதன் மேலடுக்கு மிகத் தடிமன். வியர்வைச் சுரப்பிகள் அங்கே நெருக்கமாக இருக்கின்றன, ஆனால் எண்ணெய்ச் சுரப்பி ஒன்றுகூடக் கிடையாது. முகமும் தலையும் தாமாகவே எண்ணெய் கசிந்து காத்துக்கொள்ளும். பாதத்துக்கு அந்த வசதி இல்லை. அந்த மேலடுக்கின் செல்களுக்கு இடையில் இருக்கும் கொஞ்சக் கொழுப்புதான் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. சூடான நீரும் ஷாம்புவும் முதலில் கரைத்தெடுப்பது அந்தக் கொழுப்பைத்தான். அரை மணி நேரம் ஊறிய தோல் நீர் குடித்து உப்பி, வெளுத்து, மிருதுவாகத் தெரியும். அதைப் பார்த்து மருந்து வேலை செய்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். காற்று பட்டதும் குடித்த நீரெல்லாம் ஆவியாகிவிடும், பிடித்து வைக்கக் கொழுப்பு இல்லாததால் முன்பைவிட அதிகமாகவே காயும். மறுநாள் வெடிப்பின் ஓரம் கூர்மையாகித் துணியில் மாட்டுவது இதனால்தான். எலுமிச்சையையும் சமையல் சோடாவையும் ஒரே நீரில் போடச் சொல்வதில் இன்னொரு கோளாறு. ஒன்று அமிலம், மற்றது காரம், இரண்டும் நுரைத்து ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். சோடா மிஞ்சினால், இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை கொண்ட நம் தோலுக்கு அது உறுத்தல்.

மூலிகைகளின் கதையையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மஞ்சளின் சிறப்புக்குக் காரணமாகச் சொல்லப்படும் குர்குமின் நீரில் ஏறக்குறையக் கரையாது. வெந்நீரில் போட்ட மஞ்சள்தூள் வாளியின் அடியில் தங்கும், நகத்தில் கறையாகும். வேப்பிலையின் கசப்புச் சத்துகளும் நீரோடு அவ்வளவாகச் சேர்வதில்லை. இப்படிச் சொன்னால் பாட்டி வைத்தியத்தைப் பழிக்கிறேன் என்று கடிதம் வரும். பாட்டிகள் செய்தது வேறு. அவர்கள் மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துப் பற்றுப் போட்டார்கள். விளக்கெண்ணெயில் குழைத்து வெடிப்பில் தடவினார்கள், வேப்பெண்ணெயைத் தேய்த்தார்கள். நடவு வயலில் நாள் முழுக்கச் சேற்றில் நின்றவர்கள் விரலிடுக்குச் சேற்றுப்புண்ணுக்கு மருதாணியை அரைத்து அப்பிக்கொண்டார்கள். மருதாணியில் உள்ள லாசோன் என்னும் நிறமி, தோலிலும் நகத்திலும் இருக்கும் கெரட்டின் புரதத்தோடு பிணைந்துகொள்வது. சிவப்பு பல நாள் நிற்பது அதனால்தான். பூஞ்சையை எதிர்க்கும் குணம் அதற்கு உண்டு என்பதை ஆய்வகச் சோதனைகளும் காட்டியிருக்கின்றன. எண்ணெயில் சேர வேண்டியதை எண்ணெயிலும், பசையாக ஒட்ட வேண்டியதைப் பசையாகவும் பயன்படுத்திய அறிவு அது. எல்லாவற்றையும் அள்ளி ஒரு வாளி வெந்நீரில் கொட்டுவது இந்தக் காலத்து அவசரம், அதற்குப் பாட்டியின் பெயரைச் சூட்டுவது நியாயமில்லை.

அப்படியானால் காலை ஊற வைக்கவே கூடாதா? ஊற வைக்கலாம், முறையாக. ஒரு கைப்பிடி நொச்சி இலையை ஒரு லிட்டர் நீரில் கொதிக்கவிட்டு வடிகட்டி, கணுக்கால் மூழ்கும் அளவுக்குப் பச்சைத் தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும்போது முழங்கையால் சூடு பார்ப்பார்களே, அந்தப் பதம் போதும். நொச்சியின் மணம் அந்த நேரத்தை இதமாக்கும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். பத்து நிமிடம் போதும், உப்பு வேண்டாம், ஷாம்பு வேண்டவே வேண்டாம். காய்ந்த பீர்க்கங்கூட்டால் குதிகாலை மெதுவாகத் தேய்த்து, விரலிடுக்குவரை ஒற்றித் துடைத்து, ஈரம் முழுக்க வற்றுவதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். அரைக் கிண்ணம் நல்லெண்ணெயில் ஒரு துண்டு தேன்மெழுகை உருக்கி ஆறவைத்துக்கொண்டால், வழியாமல் நிற்கும் களிம்பு கிடைக்கும். அதைக் குதிகாலில் தடவிப் பருத்திக் காலுறை போட்டுப் படுத்தால் வாங்கிய ஈரம் உள்ளேயே நிற்கும். விரலிடுக்கில் மட்டும் தடவக் கூடாது, அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த வாளியின் பக்கமே போக வேண்டாம். பாதத்தில் உணர்வு குறைந்தவருக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஐ.சி.எம்.ஆர். 2023-ல் வெளியிட்ட கணக்கின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குமேல் சர்க்கரை நோய் இருக்கிறது. அந்த நாட்டில் அச்சிடப்படும் கால் குறிப்பில் இந்த ஒரு வரி இல்லாமல் போவதை நான் சிறு பிழையாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வறட்சிக்கு வழி எண்ணெய் என்று ஆகிவிட்டது. களைப்பு? அந்தக் குறிப்புகள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கின்றன, ஆனால் இரண்டும் வேறு வேறு. வறட்சி தோலின் நோவு. களைப்பு உள்ளே, கெண்டைக்காலிலும் ரத்தக் குழாய்களிலும் இருக்கிறது. வெந்நீரில் கால் வைத்ததும் கடுப்பு குறைகிறதே என்று கேட்பார்கள். குறைவது உண்மை. இலைச் சாற்றுக்கும் உப்புக்கும் அதில் பங்கு சொற்பம். காலை ஊற வைக்க வேண்டுமானால் உட்கார்ந்தாக வேண்டும், அந்தப் பத்து நிமிடம் உடம்பின் பாரம் பாதத்தின் மேல் இல்லை. அந்த வாளியைச் சுற்றியுள்ள பொருள்களில் மிக வீரியமான மருந்து நாற்காலிதான். குறிப்பு எழுதியவர்கள் அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை. எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்று விட்டிருப்பார்கள். எல்லார் வேலையிடத்திலும் இருக்கிறதா என்பதுதான் இந்த வாரம் என்னைக் குடைகிற கேள்வி.

நிற்பது உடம்புக்குச் சும்மா இருப்பது இல்லை. காலுக்கு இறங்கிய ரத்தம் மறுபடி இதயத்துக்கு ஏற வேண்டும். அதை ஏற்றிவிடுவது கெண்டைக்கால் தசை. அது சுருங்கும்போதெல்லாம் நாளங்களைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது, நாளத்துக்குள் இருக்கும் வால்வுகள் கீழே இறங்காமல் தடுக்கின்றன. நடக்கும்போது கணுக்கால் நாளத்தில் அழுத்தம் 30 மில்லிமீட்டர் பாதரச அளவை ஒட்டி இருக்கும். அசையாமல் நின்றால் 80, 90 வரை போய் அங்கேயே நிற்கும். மணிக்கணக்கில், வருடக்கணக்கில் இப்படி நின்றால் வால்வு தளர்ந்து, நாளம் புடைத்து முறுக்கிக்கொள்ளும். நரம்புச் சுருட்டு என்று ஊரில் சொல்லும் வெரிகோஸ் வெயின் இப்படித்தான் வருகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 7,320 தொழிலாளர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2018-ல் வெளியானது. பெரும்பாலும் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இதயநோய் வரும் வாய்ப்பு, பெரும்பாலும் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களைப்போல ஏறத்தாழ இரு மடங்கு என்று அது கண்டது. உட்கார்ந்தே இருப்பதும் கெடுதல்தானே என்பது நியாயமான மறுப்பு. சிட்னி பல்கலைக்கழகத்தினர் பிரிட்டனைச் சேர்ந்த 83,000 பேரின் தரவுகளை ஆராய்ந்து 2024-ல் சொன்னதும் அதையொட்டித்தான்: பத்து மணி நேரத்துக்கு மேல் உட்காருவதும் கெடுதல், இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்பதும் நாளங்களுக்குக் கெடுதல். உடம்பு கேட்பது மாறி மாறி இருப்பதை. அலுவலகத்தில் இருப்பவர் எழுந்து நடந்துவிட்டு வரலாம், யாரும் கேட்கப்போவதில்லை. துணிக்கடையில் புடவை மடிப்பவர் உட்கார்ந்தால் கண்காணிப்பாளர் வந்து நிற்பார். மாறிக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு இருக்கிறது, மற்றவருக்கு இல்லை.

இந்த உரிமைக்காக ஒரு போராட்டமே நடந்திருக்கிறது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்களைத் திரட்டியவர் விஜி. அவர் தையல்காரர், அவருடைய அமைப்பின் பெயர் ‘பெண்கூட்டு’. கழிப்பறை வேண்டும் என்பதில் தொடங்கி, உட்கார அனுமதி வேண்டும் என்பதில் வந்து நின்ற இயக்கம் அது. கேரளம் 2018-ல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் மசோதா வந்து, 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ரங்கநாதன் தெருக் கடை ஊழியர்களின் வாழ்க்கையை வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் 2010-லேயே திரையில் காட்டியிருந்தது. சட்டம் வருவதற்கு இன்னும் பதினோரு ஆண்டு ஆயிற்று. பிரிட்டனில் 1899-லேயே, கடையில் வேலை பார்க்கும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கை வீதம் போட வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவும் நின்று வேலை செய்பவருக்கு இருக்கை வேண்டும் என்றது. ஆலைத் தொழிலாளிக்கு எழுதிய நீதி கடைத் தொழிலாளிக்கு வந்து சேர எழுபது ஆண்டுக்குமேல் ஆகியிருக்கிறது.

தமிழ்நாட்டில் வந்த சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. வேலையினூடே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது பயன்படுத்திக்கொள்ள வசதியாக இருக்கை போட வேண்டும் என்பது அதன் சாரம். வாய்ப்பு எப்போது கிடைக்கும் என்று யார் முடிவு செய்வது? வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அலமாரியை அடுக்கு, தூசி தட்டு, வாசலில் நின்று கூப்பிடு என்று சொல்லிவிட்டால் வாய்ப்பு என்ற ஒன்று வரவே வராது. சட்டம் நாற்காலியைத் தருகிறது, நேரத்தைத் தரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இத்தனை நிமிடம் என்று விதிகளில் எண்ணாக எழுதினால்தான் அந்த நாற்காலிக்கு உயிர் வரும்.

ஊழியர் உட்கார்ந்திருந்தால் வருகிறவருக்கு மரியாதைக் குறைவு, கடைக்குச் சுறுசுறுப்பு இருக்காது, வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் தரப்பில் சொல்வார்கள். வங்கியில் பணம் எண்ணித் தருபவர் உட்கார்ந்துதான் இருக்கிறார், அதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொண்டதில்லை. ஐரோப்பாவின் பல நாடுகளில் பல்பொருள் அங்காடியில் பில் போடுபவர்கள் உட்கார்ந்தே வேலை செய்கிறார்கள், வரிசை நின்றுபோகவில்லை. அவ்வளவு தூரம் போகக்கூட வேண்டாம். நம் ஊர் ஜவுளி வியாபாரமே உட்கார்ந்து நடந்த வியாபாரம். பாய் விரித்து, அதன் மேல் வெள்ளைத் துணி விரித்து, விற்பவர் ஒரு பக்கம் சம்மணம் போட்டு, வாங்குபவர் எதிரில் சம்மணம் போட்டு, நடுவில் புடவையை உதறி விரிப்பார்கள். காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகளில் இன்றும் அப்படி விற்கிறார்கள். முந்தானையின் ஜரிகையை விரலால் தொட்டுக் காட்டவும், விலை பேசவும், வேண்டாம் என்று நகர்த்தவும் அந்தச் சமதரை போதுமானதாக இருந்தது. விற்பவரின் கண்ணும் வாங்குபவரின் கண்ணும் ஒரே உயரத்தில் இருந்தன. கண்ணாடி மேசையும் மின்படிக்கட்டும் அடுக்குமாடியும் வந்தபோது அந்தப் பாயைச் சுருட்டி வைத்தோம். வாடிக்கையாளருக்கு நாற்காலி போட்டோம், விற்பவரை நிறுத்தினோம். நின்றுகொண்டே விற்பதுதான் மரியாதை என்பது அதற்குப் பிறகு வந்த எண்ணம், மரபில் வந்தது இல்லை.

இன்னும் சில நாளில் பொங்கல் துணி எடுக்கக் கூட்டம் கிளம்பிவிடும். கடைகள் அதிகாலையில் திறந்து நள்ளிரவை நெருங்கும்வரை நடக்கும். ஆண்டிலேயே கால்கள் அதிகம் வீங்கும் வாரங்கள் இவை. போகிறவர்கள் மேசைக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பாருங்கள். முக்காலி இருந்தால், அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, துணிக்கட்டு அடுக்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். கட்டு அடுக்கியிருந்தால், “அதை இறக்கிவிட்டுக் கொஞ்சம் உட்காரும்மா, புடவையை மெதுவாகக் காட்டினால் போதும்” என்று கண்காணிப்பாளர் காதில் விழும்படி சொல்லுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். கடையின் பெயர் வேண்டாம், பதில் மட்டும் போதும்.